தனி அலுவலர் காலம்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தபோது, எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எழுத்தும் சைக்கிளும் சேர்ந்தே வந்தன. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தின் வேலையாக ஆக்கினார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பெண்கள் வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா? கல்குவாரியில் உடைத்தவர்களும் வயலில் நட்டவர்களும் ஓட்டினார்கள். ராத்திரியில் பாடம் சொல்லித்தரும் தொண்டராகத்தான் நான் பொது வேலைக்கு வந்தேன். சம்பளம் கிடையாது, கேட்கவும் தோன்றவில்லை.

1996 அக்டோபரில் பஞ்சாயத்துத் தேர்தல். 73ஆவது திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. எங்கள் ஊராட்சியும் அதில் வர, நின்றேன், ஜெயித்தேன். முதல் நாள் அலுவலகத்தில், கூட வந்த வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் "வாங்க தலைவரே" என்றார்கள். தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்கு மட்டும் வீட்டுக்கு வரும். படித்துப் பார்க்காமல் போடமாட்டேன் என்றதற்குப் பெரிய பேச்சாகிவிட்டது. அறிவொளியில் என்னிடம் படித்த ஒரு அப்பத்தாதான் எனக்காகப் பேசினார்: "எங்களுக்குப் படிக்கச் சொல்லிக்குடுத்தவ, படிக்காம கையெழுத்துப் போடணுமாக்கும்?"

செக்கில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி எத்தனை பேரை முடக்கியது என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது. தனித் தொகுதியில் ஜெயித்த தலித் பெண்களைத்தான் அது அதிகம் வதைத்தது. துணைத் தலைவர் பேனாவை எடுக்க மறுத்தால் தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியாது. மோட்டார் ரிப்பேரானால் ஜனம் குடத்தோடு வந்து நிற்பதோ தலைவரம்மா வாசலில். சுற்றுவட்டாரத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன், இன்றும் ஆறவில்லை.

2016இல் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது. அதே ஆண்டில் பழையவர்களின் பதவிக்காலமும் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அதுவரை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் எல்லாம்.

ஆனால் அந்தத் தேர்தலில் ஜெயித்து வந்த பெண்களைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. பட்டம் படித்தவர்கள் பலர். வரவு செலவைத் தாங்களே கணினியில் பார்த்தார்கள். நான் வாய் திறக்கத் தயங்கிய பி.டி.ஓ. அலுவலகத்தில் விதி எண் சொல்லி வாதாடினார்கள். கணவர்கள் வெளியே வண்டியில் காத்திருந்தார்கள். கிராம சபையும் ஆண்டுக்கு ஆறாகிவிட்டது, கேள்விகளும் கூடின. இவ்வளவுக்கும் மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், பிறகு 2,000. பெட்ரோலுக்கே போதாது. வீட்டில் வேறு வருமானம் இல்லாத பெண் இதில் எத்தனை நாள் நிற்பாள்? முழுநேர வேலை வாங்கிக்கொண்டு அதைச் சேவை என்று சொல்வது அநியாயம்.

2025 ஜனவரி 5இல் எங்கள் மாவட்டம் உட்பட 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் அவர்கள் காலமும் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். உடனே தேர்தல் அறிவிப்பு வரவில்லை. ஊர்ச்சனம் மட்டும் அப்போதும் அந்தப் பெண்களிடம்தான் மனு எழுதக் கேட்டு வந்தது.

அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். "போகட்டுமா அக்கா?"

"போ. ஆனா ஓட்டை மட்டும் ஊர்லேர்ந்து மாத்திக்காதே" என்றேன்.