வளைவு வரைக்கும் ஸ்வெட்டர்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் பஸ் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் காற்று குளிரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கீழே சட்டைக் காலருக்குள் ஊதிக்கொண்டே டிக்கெட் வாங்கியவர், குஞ்சப்பனை தாண்டியதும் ஜன்னலை இழுத்து மூடுகிறார். கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் அரவேணுவில் இறங்கும்போது பையைக் குடைந்து ஸ்வெட்டர் தேடுகிறார். இந்தப் பத்து டிகிரியின் இரண்டு முனையிலும் எனக்குச் சொந்தபந்தம் உண்டு. அம்மா வீடு கீழே காரமடையில். புகுந்த வீடு மேலே அரவேணுவில். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் என் மகன்.

சாயங்காலமானால் காரமடையிலிருந்து போன் வந்துவிடும்.

"பையன் வெளையாடப் போயிட்டானா கண்ணு? காதை மூடி அனுப்புனியா?"

அம்மாவின் குளிர்காலப் பட்டியல் நீளமானது. முதலில் பனியன். அதன்மேல் உடம்பைப் பிடிக்கும் தெர்மல். பிறகு சட்டை, கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே ஜெர்கின். கழுத்துக்கு மப்ளர், தலைக்கு மங்கி குல்லா. இத்தனையும் ஏற்றி முடித்தால் பையனின் கைகள் உடம்போடு ஒட்டாமல் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி விரிந்தே நிற்கும். அந்தக் கைகளோடு பந்து வீச முடியாது, மூக்கைச் சொறியக்கூட முடியாது. 1924-ல் எவரெஸ்ட் ஏறப் போன மலோரி பட்டு, பருத்தி, கம்பளி, கபர்டீன் என்று அடுக்கடுக்காகத்தான் போட்டிருந்தார். 2006-ல் அதே மாதிரி உடுப்புகள் தைத்து, எவரெஸ்டிலேயே போட்டுப் பார்த்து, நன்றாகத்தான் தாங்குகிறது என்று சொன்னார்கள். என் அம்மாவுக்கு மலோரியைத் தெரியாது. ஆனால் இரண்டு பேருடைய பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்ன, மலோரிக்குக் கடைசி பட்டனைப் போட்ட மறுநிமிஷம் ஒண்ணுக்கு வந்ததா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

என் மாமியார் எதிர்க்கட்சி. எஸ்டேட்டில் இலை பறித்த காலமெல்லாம் மேகத்துக்குள் நின்றே வேலை பார்த்தவர். "ஓடற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? ஓடினா சூடு தானா வந்துட்டுப் போகுது" என்பது அவர் கட்சிக் கொள்கை. அவருக்கு தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. ஓடுகிறவனை நிறுத்தி, பின்கழுத்தில் காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டினால் ஒன்றைக் கழற்றுவார், சில்லென்றிருந்தால் ஒன்றைப் போடுவார். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணுவது கிடையாது. குழந்தைகளின் கைகால் எப்போதும் சில்லிட்டுத்தான் இருக்கும், பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள் என்று குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். அத்தை அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை. அவர்களும் அத்தையைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இரண்டு கட்சியிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. குளிரைத் தடுப்பது துணியல்ல, துணிக்கும் துணிக்கும் நடுவில் அகப்பட்ட காற்று. அதனால் தடியாக ஒன்றைப் போடுவதைவிட மெல்லிசாக இரண்டு மூன்று போடுவது மேல். சூடேறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். இந்த விஷயத்தில் அம்மா ஜெயிக்கிறார். ஆனால் உள்ளே போட்ட பருத்தி பனியன் வேர்வையில் நனைந்துவிட்டால், ஆட்டம் நின்ற மறுநிமிஷம் அதுவே முதுகில் ஒட்டிக்கொண்டு குளிரக் குளிர அடிக்கும். அங்கே அத்தை ஜெயிக்கிறார். இதை இரண்டு பேரிடமும் நான் சொல்லவில்லை. சம்பந்திகளுக்கு நடுவில் அறிவியலைக் கொண்டுபோய் நிறுத்தினால் அறிவியலுக்குத்தான் அடி விழும்.

ஒரே ஒரு தடவை துணிந்து பார்த்தேன். உடம்புச் சூடெல்லாம் தலை வழியாகத்தான் போகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை என்று 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். உடம்பு முழுக்க மூடி, தலையை மட்டும் திறந்துவிட்டுச் சோதித்தால் சூடு தலை வழியாகத்தானே போகும்? வேறெங்கே போக வழி? இதை விலாவாரியாக அம்மாவுக்குப் போனில் எடுத்துச் சொன்னேன்.

"அந்த டாக்டருங்க எந்த ஊரு?"

"அமெரிக்கா."

"அவிய ஊருக் குளிரு வேற. நீ குல்லாயைப் போட்டு அனுப்பு."

உண்மையில் எங்கள் ஊர்க் குளிரும் வேறுதான். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை வெளேரென்று கிடக்கும், பத்திரிகையில் போட்டோ வரும். நாங்கள் அதைவிடத் தாழ்வாக, மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறோம். எங்களுக்கு வாய்த்தது ஈரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்தால், சாரல், மேகம், மறுபடி சாரல். துவைத்த சாக்ஸ் நாலு நாள் கொடியில் கிடந்தும் காயாமல், கடைசியில் அடுப்படிக்கு இடம்பெயரும். இங்கே எந்தப் பிள்ளையின் ஸ்வெட்டரை மோந்தாலும் அவர்கள் வீட்டு அடுப்பு விறகா கேஸா என்று சொல்லிவிடலாம்.

சரி, இத்தனை அடுக்கும் எதுவரை உடம்பில் இருக்கிறது? ரோட்டின் முதல் வளைவு வரை. மலை ரோட்டைப் போட்டவர்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் போட்டிருக்க வேண்டும். வாசலில் நிற்கிற அம்மாவின் கண்ணில் படாமல் போக நூறடி நடந்தால் போதும். வளைவு திரும்பியதும் ஜெர்கின் கழன்று தோளுக்குப் போகும்; மைதானத்தில் கால் வைக்கும்போது ஸ்வெட்டரும் கையில் இருக்கும்.

மைதானம் என்று சொல்வது மரியாதைக்கு. இந்த ஊரில் சமதளம் என்பதே அபூர்வம். ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் சரிவு, மற்ற இரண்டு பக்கமும் தேயிலை. அங்கே போய்ப் பார்த்தால்தான் கம்பளி எத்தனை வகையில் உதவும் என்று தெரியும். ஸ்வெட்டரைச் சுருட்டி ஒரு செங்கல் மேல் வைத்தால் ஸ்டம்ப். மப்ளரை நீட்டிப் போட்டால் கிரீஸ். ஜெர்கின் விழுந்து கிடக்கும் இடம் பவுண்டரி. மங்கி குல்லா கீப்பரின் இடது கையில். முகத்துக்காக விட்ட ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே வருகிறது. இந்த க்ளவுஸுக்கு டென்னிஸ் பந்து நன்றாகவே நிற்கிறது என்று கீப்பரே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

பந்து தேயிலைக்குள் போனால்தான் குளிர் தன் வேலையைக் காட்டும். கொழுந்து பறிக்க வசதியாகச் செடியைப் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஏழு வயதுக்காரனுக்கு அது நெஞ்சு உயரம். சாரல் பெய்த செடிக்குள் புகுந்து வெளியே வருகிறவன் கழுத்து வரை சொட்டச் சொட்ட நனைந்திருப்பான். போதாததற்குக் காலில் ஓர் அட்டை வேறு. அடுக்கு அடுக்காகப் போட்டு அனுப்பிய துணியெல்லாம் அந்த நேரத்தில் நனையாமல் பத்திரமாகத் தரையில் ஸ்டம்பாக நிற்கும். என்ன இருந்தாலும், நனையாமல் இருக்கத்தானே வாங்கியது?

கீழேயிருந்து மே மாதம் கேத்தரின் அருவி பார்க்க வருகிறவர்களைப் பார்த்தால் அம்மாவின் கோணம் எனக்கும் புரிகிறது. வேனிலிருந்து இறங்கும் குடும்பம் கைக்குழந்தை முதல் தாத்தா வரை குல்லாவோடு இறங்குகிறது. பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் அரைக்கை சட்டையும் ரப்பர் செருப்புமாக ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஆடவந்த நாளில் இருட்டுகிற நேரம்தான் பெரிய கூத்து. எல்லாம் ஒரே நிற யூனிபார்ம் ஸ்வெட்டர். அகப்பட்டதை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ஓடுவார்கள். மறுநாள் பால் சொசைட்டி பக்கம் அம்மாக்களின் பண்டமாற்று நடக்கும். "எங்க வீட்டுக்கு முழங்கையில ஓட்டை போட்டது ஒண்ணு வந்திருக்கு, உங்களுதா பாருங்க." யாரும் அது தன்னுடையது என்று லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

போன வாரம் அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டார். "நெசமாச் சொல்லு. அவன் அந்தக் குல்லாயைப் போடறானா, இல்லையா?"

"அவன் போடறதில்லீங்கம்மா. கீப்பர் போட்டுக்கறான். கையில."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒத்தக் கைக்கா?" என்றார் அம்மா. "பாவம், இன்னொரு கை வெறைச்சுப் போயிருமே. சனிக்கெழமை பஸ்ஸுல இன்னொண்ணு குடுத்து அனுப்பறேன்."