தலைகீழ் விதான சௌதா

பெங்களூரில் மழை பெய்த மறுநாள் காலை, சாலைப் பள்ளங்களைப் பார்த்துப் பூரித்துப்போகிற கூட்டம் ஒன்று உண்டு. ஊரே வண்டியை வளைத்து வளைத்து ஓட்டும் இடத்தில் இவர்கள் கேமராவோடு குந்தி உட்கார்ந்து, தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசை ஆள் நான்.

என் ஆசை பெரிதில்லை. சனி இரவு மழை, ஞாயிறு காலை வெயில், அம்பேத்கர் வீதியில் ஒரு குட்டை, அதற்குள் விதான சௌதா. 1951இல் நேரு அடிக்கல் நாட்டி, முதல்வராக இருந்த கெங்கல் ஹனுமந்தய்யா பிடிவாதமாக எழுப்பி, 1956இல் முடிந்த கருங்கல் சட்டமன்ற மாளிகை. முகப்பு கிழக்கு பார்த்தது என்பதால் காலை வெயில் நேராக அதன் மேல் விழும். எதிரே ஹைகோர்ட் பக்கம் நின்றால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

தண்ணீர் பார்த்துக்கொள்ளவில்லை. புதிதாக வாங்கிய போலரைசர் ஃபில்டரை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். வானம் நீலமாக வரும் என்று யாரோ சொன்னார்கள். வளையத்தைத் திருப்பத் திருப்ப விதான சௌதா மங்கி, கடைசியில் காணாமலே போய், குட்டையின் அடியில் கிடந்த ஜல்லியும் பீடித்துண்டும் பளிச்சென்று தெரிந்தன. அந்த ஃபில்டரின் வேலையே அதுதான். தண்ணீர்ப் பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது பிரதிபலிப்பைக் கிட்டத்தட்ட முழுசாகவே துடைத்துவிடும். பிரதிபலிப்பைப் படமெடுக்கப் பிரதிபலிப்பை அழிக்கும் கருவியோடு போனவன் நான்.

அதைக் கழற்றிவிட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், மிதந்த இலையின் நரம்புகூடத் துல்லியமாக இருக்கிறது, கட்டடம் கலங்கிக் கிடக்கிறது. பிம்பம் தண்ணீரின் மேல் ஒட்டியிருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸுக்கு அது கட்டடம் இருக்கும் தூரத்தில்தான் இருக்கிறது; ஃபோகஸை அங்கே வைக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது ஒரு காவலர் வந்து, "ஏனு மாட்தித்தீரா சார்?" என்று கேட்டார். "ரிஃப்ளெக்ஷன் சார்" என்றேன். குட்டையைப் பார்த்தார், நிமிர்ந்து எதிரே பார்த்தார், கட்டடத்தைக் கைகாட்டி "அல்லே இதெயல்லா" என்றார். அங்கேயே இருக்கிறதே என்று அர்த்தம். பதில் இல்லை என்னிடம்.

இனி கிராப். என் வீழ்ச்சியின் பெரும்பகுதி இங்கேதான். படத்தின் ஓரத்தில் தார் தெரிந்தது, வெட்டினேன். உடைந்த நடைபாதை விளிம்பு, வெட்டினேன். காலி பால் பாக்கெட், மழையில் விழுந்த குச்சி, இலை, எல்லாம் போயிற்று. முதலில் சதுரமாக வெட்டினேன். கட்டடமோ 700 அடி நீளம். சதுரத்துக்குள் அது ஏதோ தாலுகா ஆபீஸ் அளவுக்குச் சுருங்கியது. அப்புறம் நீளப் பட்டையாக வெட்டினேன். கடைசியில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாத சுத்தமான பிம்பம் கிடைத்தது. மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, கையை ஆட்டிட்டீங்களா?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கரை இல்லாவிட்டால் குட்டை என்று யாருக்குத் தெரியும்? அசிங்கம் என்று நான் வெட்டி எறிந்த தாரும் குச்சியும்தான் 'இது தண்ணீர்' என்று கண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அவை போனதும் மிஞ்சியது மோசமாக எடுத்த ஒரு விதான சௌதா படம்.

தோற்றவன் பெரியவர்களைத் துணைக்கு அழைப்பான். நான் பிரெஞ்சுப் புகைப்பட மேதை கார்த்தியே-ப்ரெஸோனை அழைத்தேன். 1932இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் ஆளையும் கீழே அவன் பிம்பத்தையும் எடுத்தாரே, அந்தப் படம். எடுத்த படத்தை வெட்டுவது அவருக்கு ஆகவே ஆகாது. ஆனால் அந்தப் படம் வெட்டப்பட்டது. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் இடப்பக்கம் பலகை மறைத்துவிட்டது. மேதையே வெட்டியிருக்கிறார் என்று மனைவியிடம் வாதாடினேன். படத்தைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். "தண்ணியில கிடக்கிற ஏணியை அவர் வெட்டலையே" என்றாள். பேச்சு அதோடு நின்றது.

கருப்பு-வெள்ளைக்குப் போனது அடுத்த அசட்டுத்தனம். கலரில் குட்டைத் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கருப்பு-வெள்ளையில் அது கலை ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். விதான சௌதாவில் தப்பித்தேன், அது பிறவியிலேயே சாம்பல். மாலையில் எதிர்ப்பக்கம் திரும்பி, 1868இல் கட்டி முடித்த அட்டாரா கச்சேரியை, அதாவது இன்றைய ஹைகோர்ட்டை, அதே குட்டையில் பிடித்தேன். செக்கச்செவேல் கட்டடம், பின்னால் கப்பன் பார்க்கின் பச்சை. நிறத்தை நீக்கியதும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி, கோர்ட் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஃபிலிம் காலத்தில் இதற்குத்தான் சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி என்று லென்ஸுக்கு முன்னால் மாட்டினார்கள். இப்போது ஸ்லைடர். சிவப்பு ஸ்லைடரை மேலே தள்ளினேன், கொஞ்சம் தாராளமாகவே. ஹைகோர்ட் வெளுத்து, கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடித்த சத்திரம் மாதிரி நின்றது. ஜெய்ப்பூர்ப் புகைப்படக்காரர் ரகுபீர் சிங் வாழ்நாளெல்லாம் கலரிலேயே எடுத்து, இந்தியப் பார்வைக்கு நிறம்தான் உயிர் என்று வாதாடியவர். அவரை நான் முதலிலேயே படித்திருக்கலாம். ஒரு ஞாயிறு மிச்சமாகியிருக்கும்.

அபார்ட்மென்டில் நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவத்துக்குப் படக் கண்காட்சி. கட்டடத்தைத் தலைகீழாகக் காட்டினால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று விதான சௌதா படத்தை அப்படியே பாதி வட்டம் சுற்றி நிமிர்த்தினேன். மகள் பார்த்தாள். "அப்பா, எழுத்தெல்லாம் ஆம்புலன்ஸ்ல எழுதின மாதிரி இருக்கு." முகப்பில் அரசுப் பணி கடவுள் பணி என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பொறித்திருப்பார்கள், என் படத்தில் அது வலமிருந்து இடமாக ஓடியது. சுற்றக் கூடாது, மேல்-கீழாகக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தேன். எழுத்து சரியானது. கூடவே, எதிரே நின்று நேராக எடுத்திருந்தால் கிடைக்கக்கூடிய படத்தின் கலங்கல் பிரதியும் கிடைத்தது.

கடைசியில் வெட்டாததையே, கலரிலேயே, தாரும் பால் பாக்கெட்டுமாகப் பிரிண்ட் போட்டு ஃபிரேம் கடையில் கொடுத்தேன். ரசனை கூடிவிட்டது என்றெல்லாம் இல்லை, தேதி நெருங்கிவிட்டது. கடைக்காரர் கட்டடம் தலைகீழாக இருப்பதைப் பார்த்து, என் மேல் இரக்கப்பட்டு, கொக்கியை எதிர்ப்பக்கம் அடித்து நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார். கண்காட்சியில் அப்படியே தொங்கியது. சேலத்திலிருந்து வந்திருந்த மாமனார் மட்டும் அதன் எதிரே வெகுநேரம் நின்றார். மேலே கருப்பாக இருந்த தாரைக் காட்டி, "மழை மேகம் நல்லா விழுந்திருக்கு மாப்ளே" என்றார்.

"ஆமா மாமா, அதுக்காகத்தான் காத்திருந்து எடுத்தேன்" என்றேன்.