வேதியியல் தெரியாதா? வாருங்கள்!

அமெரிக்காவில் வக்கீலோ வயலின்காரரோ முப்பதைத் தாண்டியபின் டாக்டராக ஆசைப்பட்டால், அவருக்கென்றே பட்டத்துக்குப் பிந்தைய 'போஸ்ட்பேக்' படிப்பு இருக்கிறது. பிரின் மார், கவுச்சர் போன்ற கல்லூரிகளில் துறை மாறுவோருக்கான இடம் வேண்டுமா? இயற்பியல், வேதியியல், உயிரியல் பக்கம் அதிகம் எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. அந்தப் பாடங்களில் பெரும்பாலானவற்றை முன்பே முடித்துவிட்ட புண்ணியவான்களுக்கு வேறு வாசல். அதற்காக மக்குகளைத் தேடுகிறார்கள் என்று துள்ள வேண்டாம். இலக்கியத்திலோ வரலாற்றிலோ மதிப்பெண் பளபளக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் சக்கர நாற்காலி தள்ளியிருந்தால் இன்னும் விசேஷம். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவர், ஓராண்டு சொச்சத்தில் கரிம வேதியியலையும் குடித்தாக வேண்டும். அப்புறம் எம்கேட் எனும் நுழைவுத் தேர்வு, நாலு வருட மருத்துவக் கல்லூரி, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி... கடன் தரும் வங்கி மட்டும் வயதைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை.