பழந்தாளியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

இருட்டறையில் புழங்கும் பழைய போட்டோ தாள் நால்வகைப்படும் என்ப. காலாவதியானது, காலாவதித் தேதி அச்சிடாதது, அச்சு அழிந்தது, அச்சிட்ட மூடி வேறொரு பெட்டியோடு போய்விட்டது. முதல் மூன்றைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. நான்காவதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் எவருமில்லை.

தாளுக்கு மூப்பு வருவது எப்படி? ஜெலட்டின் பூச்சில் கிடக்கும் வெள்ளி ஹாலைடு படிகங்களில் சில, வெளிச்சமே படாமல், வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, டெவலப்பரில் போட்டதும் கறுக்கும். வெள்ளையாக நிற்கவேண்டிய இடம் சாம்பல் பூக்கும், காண்ட்ராஸ்ட் குறையும், தாளின் வேகமும் தளரும். இந்தச் சாம்பலுக்கு ‘ஃபாக்’ என்று பெயர். இவ்வளவு பெரிய செய்தி ஒரே பத்தியில் அடங்கியது ஆய்வுலகுக்கு இழுக்கு.

அடுத்து, காலநிர்ணயம். கோடாக் 2005-இல் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்தியது. ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டது. ஆகவே அந்நிறுவனத்தின் ‘இந்து’ பெட்டி எதுவும் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. ஆனால் நம் இலக்கிய வரலாற்றாசிரியர் ஒருவரிடம் பெட்டியை ஒப்படைத்துப் பாருங்கள். திறக்காமலே அது நீலகிரிக்கு முந்தையது என நிறுவிவிடுவார்.

இனி இத்துறையின் உயிர்நாடியான வினா: பெட்டியை வெளிச்சத்தில் திறந்தவர் யார்?

வீட்டுக்கு வந்த மைத்துனர், ‘உள்ள என்ன மச்சான்?’ என்று கேட்டுக்கொண்டே திறந்தார் என்பது மைத்துனர் வாதம். இது மூத்தோர் துணிபு. பரணைச் சுத்தம் செய்த அத்தை, உள்ளிருந்த கறுப்புப் பை வடகம் போட்டுவைக்கத் தோதாக இருக்கக்கண்டு தாளை வெளியே எடுத்தார் என்பது அத்தை வாதம். இதற்குச் சான்று, கிடைக்காமற்போன ஓர் உரையின் கிடைத்த ஓரக்குறிப்பு. பையை எடுத்தவர் அத்தை, மீந்ததை எட்டிப்பார்த்தவர் மைத்துனர் என்பது சமரச வாதம். இதற்கோ, மேற்படி ஓரக்குறிப்பின்மேல் காப்பி கொட்டிய பக்கத்தில், கறைக்கு இடப்புறம், வேறு கையெழுத்தில் ‘ஆம்’ என்றிருப்பதே ஆதாரம். அக்கையெழுத்து அத்தையுடையது என்பது என் முடிபு. அந்தக் காப்பி கொட்டியபோது அத்தை பிறக்கவில்லை என்ற மறுப்பு இம்முடிபைச் சற்றும் தளர்த்தாது.

டெவலப்பரில் இட்டதும் மேல்தாள் முழுக்கக் கறுத்து, அடுத்தவை விளிம்பில் மட்டும் கறுத்தால் குற்றவாளி வெளிச்சம். எல்லாத் தாளிலும் ஓரத்திலிருந்து சாம்பல் ஊறியிருந்தால் குற்றவாளி வயது. இந்த விளக்கம் மிகத் தெளிவாக இருப்பதால் முனைவர் பட்டத்துக்கு உதவாது.

பரிகாரம்: டெவலப்பரில் சிறிது பென்சோட்ரையசோல், மல்டிகிரேடு தாளாயின் ஐந்தாம் எண் ஃபில்டர்.

அமெரிக்கக் கலைஞர் ஆலிசன் ராசிட்டர் பரிகாரமே தேடவில்லை. நெகட்டிவ் இன்றியே காலாவதித் தாளை டெவலப்பரில் இட்டு, எழுந்த கறைகளையும் நிழல்களையும் படமாக்கிக் காட்சிக்கு வைத்தார். மைத்துனரை அவர் விசாரித்ததாகக் குறிப்பில்லை. எனவே அவரை ஆய்வாளராக ஏற்பதற்கில்லை.

பின்னிணைப்பு: இருட்டில் தாளில் ஒரு துண்டு வெட்டி இரண்டாக்குக. ஒன்றை நேரே ஹைப்போவில் இடுக. மற்றதை டெவலப்பரில் இரண்டு நிமிடம் வைத்துப் பின் ஹைப்போவில் இடுக. கழுவி, வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்க்க. இரண்டும் ஒரே வெள்ளையாயின் தாளில் ஃபாக் இல்லை. இது போதுமே என்று கருதுவோர் துறையை விட்டு உடனே விலகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.