கல்ச்சுரல் கமிட்டி சார்

பன்னாட்டுப் பொறியியல் மாநாடு நடத்துவதில் கட்டுரை வாசிக்க ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. தலைமை தாங்கத் தேடவே வேண்டாம், அவர்களே வந்துவிடுவார்கள். ‘சோஷியல் அண்ட் கல்ச்சுரல்’ என்ற வரிக்கு எதிரே பெயர் எழுதும்போதுதான் கமிட்டி மொத்தமும் தட்டிலுள்ள பிஸ்கட்டை உற்றுப் பார்க்கும். அந்த நேரத்தில் கை தூக்குகிறவர் எங்கள் சென்னைப் பாடிக்காரர். இங்கே ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் தரக் கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம். லூகாஸ் ஸ்டாப்பில் இறங்கிக் கேட்டால் நாலு பேரையாவது காட்டுவார்கள்.

ஊர் அப்படி. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-இல். 2004-இல் பக்கத்து லூகாஸ் டிவிஎஸ்ஸும் வாங்கியது. ஜப்பானிய நிபுணர்கள் வந்து வந்து துருவிய ஊரில், பூஜைக்கு உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தால் மற்றவர்கள் சகுனம் பார்ப்பார்கள். நம் சார் ஐந்து முறை ‘ஏன்’ கேட்பார். ஐந்தாவது ‘ஏன்’ வரும்போது தேங்காய்க் கடைக்காரர் ஷட்டரை இறக்கியிருப்பார்.

ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு இவர்தான் ஆஸ்தான ஆலோசகர். அங்கெல்லாம் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லுக்கு ஒரு வெளிநாட்டவர் போதும். அவரும் பெரும்பாலும் கோலாலம்பூரிலிருந்து திரையில் வந்து, “வணக்கம், என் பூர்வீகம் காரைக்குடி” என்பார். சாருக்கு இதெல்லாம் பயிற்சி ஆட்டம். அவர் மனத்திலுள்ள அளவுகோல் ஃபிசிட்டா. வாகனப் பொறியாளர் சங்கங்களின் அந்த உலகக் கூட்டமைப்பு 1948-இல் பிறந்தது. அதன் உலக மாநாடு 2016-இல் தென்கொரியாவின் பூசானில் நடந்தது, 2018-இல் இங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. இந்தியா அழைத்துச் சென்னைக்கு வந்தது. தேதி, அக்டோபர் 2 முதல் 5 வரை. அதாவது, காந்தி ஜெயந்தியில் தொடக்கம். உலகெங்குமிருந்து எஞ்சின்காரர்கள் வந்து இறங்குகிற நாளில் ஊரில் ஒரு டாஸ்மாக் கூடத் திறந்திருக்காது! “இதைவிடப் பாதுகாப்பான தேதி உண்டா?” என்று சார் இன்றைக்கும் உருகுவார். எந்தக் கல்லூரி மாநாட்டுக்குத் தேதி கேட்டாலும் முதலில் அக்டோபர் 2-ஐத்தான் சொல்வார். அன்று அரசு விடுமுறை என்று யாராவது நினைவூட்டியாக வேண்டும்.

நிகழ்ச்சி நிரலை அவர் தயாரிப்பதைப் பார்க்க வேண்டும். குத்துவிளக்கு ஐந்து முகம், முகத்துக்கு இருபது விநாடி. மின்விசிறி நிறுத்த ஒருவர், அவர் மறந்தால் நினைவூட்ட இன்னொருவர். பரதநாட்டிய ஆசிரியையிடம், “வர்ணம் முப்பது நிமிஷம் ஆகுதேம்மா, அதுல மதிப்புக் கூட்டாத அசைவு எதுன்னு பார்த்து எடுத்துட முடியுமா?” என்று கேட்டவர் இவர். அந்த அம்மாள் இவரை ஒரு கணம் பார்த்த பார்வை எந்த ரசத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. தில்லானா மட்டும் ஆடுவதாக முடிவாயிற்று.

நாதஸ்வரக்காரரிடம் அது பலிக்கவில்லை.

“ஐயா, மல்லாரி எத்தனை நிமிஷம் வரும்?”

“சாமி புறப்பாடு எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் தம்பி.”

“அப்படி எழுத முடியாதுங்களே. ப்ளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு?”

“சாமியைக் கேளுங்க.”

சார் ‘ஆறு நிமிஷம்’ என்று எழுதிக்கொண்டார். மாநாட்டன்று சாமி, அதாவது தலைமை விருந்தினர், பாடி மேம்பாலத்தில் ஒரு வளைவைத் தவறவிட்டு வில்லிவாக்கம் பக்கம் இறங்கிவிட்டார். நாலு இலைப் பாலத்தில் ஒரு இலை மாறினால் ஊரே மாறிவிடும், சென்னைக்காரருக்கே அப்படித்தான். மேடையில் ஆங்கில அறிவிப்பாளினி சிரித்த சிரிப்பு உறைந்துபோய், ‘எனி மொமென்ட் நவ்’ என்பதை நாலாவது தடவை சொன்னாள். ஆறு நிமிஷ மல்லாரி இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. தவில்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு தனியும் வாசித்தார். ஜெர்மன்காரர் ஒருவர் எழுந்து நின்றே கேட்டார். மறுநாள் அறிக்கையில் சார் எழுதியது: ‘பஃபர் திருப்திகரமாக வேலை செய்தது.’

வாழையிலை விருந்துதான் அவருக்குச் சொர்க்கம். இலையின் நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் மேலே ஓரத்தில், சாம்பாருக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர். “பாருங்க, ஜாப் நகரலை, ஆபரேட்டர் நகர்றான். இலையில காலி இடம் தெரிஞ்சாத்தான் அடுத்தது விழும். கான்பன்! நாங்க எப்பவோ கண்டுபிடிச்சது” என்று ஜப்பானிய விருந்தாளி ஒருவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். ஜப்பானியர் பவ்யமாகத் தலையாட்டினார். அப்போது பாயச வாளிக்காரன் வந்தான். விருந்தாளி போதும் என்று கை காட்டினார். விழுந்தது. இரண்டு கையாலும் மறைத்தார். விரலிடுக்கு வழியாக விழுந்தது. ஜப்பானியர் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: “எங்கள் ஊரில் தேவை நின்றால் வரத்தும் நின்றுவிடும். இங்கே?” சாருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மாமல்லபுரச் சுற்றுலா, கூட வந்த குடும்பத்தாருக்காக. சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையை மனைவிமார் படம் எடுக்க, வகுப்புக்கு மட்டம் போட்டு வந்த பொறியாளர்கள் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார்கள். புவியீர்ப்பு மையம் எங்கே, உராய்வு எவ்வளவு என்று விவாதம் முற்றியது. மாநாட்டின் மிகத் தீவிரமான தொழில்நுட்ப அமர்வு அதுதான் என்பது என் அபிப்பிராயம். சார் மட்டும் பாறையைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏற வேண்டிய நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அனுபவத்தை வீணாக்குவாரா? வாசலில் பதிவு மேஜை. முகூர்த்தத்துக்கு வருபவர்களுக்கு மஞ்சள் நாடா, ரிசப்ஷனுக்கு மட்டும் வருபவர்களுக்கு நீலம், சம்பந்தி வீட்டாருக்குச் சிவப்பு, எல்லாவற்றிலும் தொங்குகிற அட்டை. “ஏங்க, சம்பந்திகளைக் கழுத்துல கயிறு மாட்டியா உள்ள விடுவாங்க?” என்று அவர் மனைவி கெஞ்சிப் பார்த்தார். பந்தி வாசலில் சாருடைய தாய்மாமன், எண்பது வயதுக்காரர், அட்டையைக் கண்ணாடி இல்லாமல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் மாப்ளே, இதைக் காட்டினாத்தான் சோறா?”

“முதல் பந்திக்கு வேண்டாம் மாமா. ரெண்டாவது பந்தியிலேர்ந்துதான்.”