வடை மாவுப் பதம்

ஓய்வு பெற்றவன் கையில் மரைன் ப்ளைவுட்டும் நேரமும் ஒன்றாகக் கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்துவிட்டன. எங்கள் கார் ஷெட்டில் இப்போது கார் இல்லை. 12 அடி நீளத்தில், செம்புக் கம்பியால் தைத்த ப்ளைவுட் படகுக் கூடு ஒன்று கிடக்கிறது. தண்ணீர் லாரி வராத நாட்களில் அக்கம்பக்கத்தார் அதைத் தொட்டி என்று எண்ணி என்னை மரியாதையோடு பார்க்கிறார்கள்.

கம்பி தற்காலிகம்தான். பலகைகள் சேரும் மூலைகளில் உள்பக்கமாகப் பூசும் கெட்டி எபாக்ஸிப் பசைதான் படகைப் பிடித்து நிறுத்தும். (சென்னைக் கரையில் ஓடிய மசூலாப் படகுகளைக் கயிற்றாலேயே தைத்து முடித்தார்கள். அவர்களுக்குப் பொறுமை இருந்தது.) வீட்டில் என் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் கார் ஷெட். அங்கேயும் எபாக்ஸி கேட்பதில்லை.

"சீக்கிரம் காயணும்னா ரெண்டு சொட்டு கூட ஊத்துங்க சார்" என்றார் ஃபைபர் படகு வேலை செய்பவர் ஒருவர். அவர் பழகிய பாலியெஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்டை ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியில் ஹார்டனர் சும்மா தூண்டிவிடும் ஆளில்லை. ரெசினோடு இணைந்து அதுவும் பொருளாகவே மாறுகிறது. கூடுதலாக ஊற்றினால், சேர ஜோடியில்லாமல் மிஞ்சியது உள்ளேயே பிசுபிசுத்துக் கிடக்கும். விகிதம் 2:1 ஆகவும் இருக்கலாம், 5:1 ஆகவும் இருக்கலாம். கன அளவா எடையா என்பது டப்பாவில் இருக்கும். கண்ணளவில் காபி கலக்கும் என் திறமைக்கு இங்கே மதிப்பில்லை. காபியிலும் இல்லை என்பது என் மனைவியின் கட்சி.

முதலில் ரெசினையும் ஹார்டனரையும் ஓரம், அடி எல்லாம் வழித்துக் கலக்க வேண்டும். அப்புறம்தான் கெட்டியாக்கும் பொடி. பலகையோடு பலகை ஒட்ட தோசை மாவுப் பதம். மூலையில் பூச வடை மாவுப் பதம், அதாவது குச்சியில் எடுத்தால் நுனி வளையாமல் நிற்க வேண்டும். பதம் பார்ப்பவள் மனைவி. எட்ட நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்பாள். அவள் சொன்னால் சரியாகவே இருந்து தொலைக்கும்.

கெட்டியாக்கும் சிலிக்காப் பொடிக்கு எடையே கிடையாது. பையை லேசாக அமுக்கினாலே மேகம் கிளம்பும். ஃபேனை நிறுத்தி, என்-95 மாஸ்க் போட்டு, கரண்டியை மெல்லத் தாழ்த்திக் கொட்ட வேண்டும். மாஸ்க்கோடு நான் வாய் திறக்க முடியாததால், படகு வேலை நடக்கும் நேரமே வீட்டில் நிம்மதியான நேரம் என்று கேள்வி.

சிக்கனம் கருதி மொத்தமாகக் கலப்பவர்களுக்கு ஒரு செய்தி: கப்பில் குவிந்த எபாக்ஸி தன் சூட்டிலேயே வெந்து, கப்பை உருக்கிப் புகையும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சென்னை மே மாதத்தில் பேச்சே வேண்டாம். கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பிவிட வேண்டும். புகையும் கப்பைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. வெட்டவெளியில் வைக்க வேண்டும்.

நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்ஸி அலர்ஜி ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடாது. தோலில் பட்டால் தின்னர் போட்டுத் தேய்க்காதீர்கள். அது பசையை உள்ளே கொண்டுபோகும். துடைத்துவிட்டு சோப்பால் கழுவுங்கள். முழுதாக இறுகாததைத் தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டாம்.

இன்னொன்று. எடை போட அடுக்களைத் தராசை எடுத்தீர்களானால் திருப்பிக் கொண்டுபோய் வைக்காதீர்கள். வீட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.