பிளினியின் பாக்கி

லா கூர்நேவ், பாரீஸ் பக்கம்
ஜூன் மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி? வழுதாவூர் ரோட்டில் மறுபடியும் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். ஊர் ஊராகத்தான் இருக்கிறது என்று நிம்மதியானேன்.

இத்தாலிக்குப் போய்வந்த சேதி கேட்டு மற்றவர்களெல்லாம் "எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். நீங்கள் ஒருத்தர்தான் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டீர்கள். கருவூலத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் வேறு எதைக் கேட்பார்? இதற்கெல்லாம் வாட்ஸ்அப் தாங்காது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போனது நாலு பேர். நான், காரைக்கால்காரன், வில்லியனூர் தம்பி, யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன். முதல் மூவரும் சொல்தா வீட்டு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தார் வீட்டுப் பேரப்பிள்ளைகள். புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962-ல் அமலானபோது பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்று தாத்தாக்கள் எழுதிக் கொடுத்த காகிதம்தான் இன்று எங்கள் பாஸ்போர்ட். யாழ்ப்பாணத்தான் கதை வேறு. என் ஊர் கதிர்காமம் என்று முதல்நாள் சொன்னதும் அவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். இலங்கையில் இருக்கிற முருகன் ஊர் என்று நினைத்துவிட்டான். அன்றிலிருந்து கனமான பையை அவனே தூக்குகிறான். நானும் திருத்தவில்லை.

ராத்திரி பஸ். மோன் பிளாங் மலைக்கு அடியில் 11.6 கிலோமீட்டர் சுரங்கம், 1965-ல் திறந்தது. நுழையும்போது பிரான்ஸ், வெளியே வரும்போது இத்தாலி. தம்பி குறட்டை விட்டபடியே நாடு மாறினான்.

முதலில் வெனிஸ். மாமா, இந்த ஊருக்குள் நுழையவே காசு. 2024-லிருந்து, கூட்டம் அதிகமான நாட்களில், பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஆளுக்குக் குறைந்தது 5 யூரோ கட்ட வேண்டும். ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது கிடையாது என்று படித்துவிட்டு, பக்கத்து மெஸ்த்ரேயில் மலிவான விடுதி பிடித்து, ஜெயித்துவிட்டதாகக் கைகுலுக்கிக்கொண்டோம். விடுதியில், இத்தனை தலை இத்தனை ராத்திரி என்று எண்ணி நகராட்சி வரி வாங்கினார்கள். நின்றால் ஒரு வரி, படுத்தால் ஒரு வரி.

கொண்டோலா படகில் அரைமணி நேரம் சுற்ற 90 யூரோ. காரைக்கால்காரன் விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் அதே மாதிரிப் படகு இருக்கிறது, ஆளுக்கு 2 யூரோ. நின்றுகொண்டே போகலாம். ஏறி, நாலு படம் எடுப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. படகுக்காரர் பாடவில்லை. 2 யூரோவுக்குப் பாட்டு எப்படி வரும்? தண்ணீர் இறங்கிய நேரத்தில் மட்டும் நம் பெரிய வாய்க்கால் ஓரம் நின்ற மாதிரி ஒரு வாசம் அடித்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதையும் ஆழமாக இழுத்து அனுபவித்தார்கள்.

இந்த வெனிஸிலிருந்துதான் மனூச்சி என்ற பையன் 14 வயதில் கப்பலில் ஒளிந்துகொண்டு புறப்பட்டான். முகலாயர் ஊர்களையெல்லாம் சுற்றி, டாக்டருக்குப் படிக்காமலேயே வைத்தியம் பார்த்து, கடைசிக் காலத்தில் சென்னையிலும் நம் புதுச்சேரியிலும் இருந்தார். அப்போது கதிர்காமத்தில் மெடிக்கல் காலேஜ் இல்லாதது அவருக்கு எவ்வளவு வசதி!

பிளாரன்ஸில் கூட்டத்தின் முதுகைப் பார்த்தோம். அங்கிருந்து ரோமுக்குப் போகும் வழியில் எல்லோரையும் அரெஸ்ஸோவில் இறக்கினேன். "இங்க என்ன இருக்கு?" என்றார்கள். "தட்டு" என்றேன். அடிக்காத குறை.

ஆனால் தட்டுதான் மாமா விஷயம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் சிவப்பாக, பளபளவென்று பாத்திரம் செய்து, செய்தவர் பெயரை முத்திரையாகக் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அதன் உடைசல்தான் நம் அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேட்டில் கிடைத்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இந்தச் சிவப்புச் சில்லுகளை வைத்துத்தான் அந்த மண்ணடுக்குகளுக்குக் காலம் சொன்னார். கூடவே வந்த ஜாடிகளில் திராட்சை மது, ஒலிவ எண்ணெய், மீனை ஊறவைத்து எடுத்த சாறு. மீன் குழம்பு வைக்கிற ஊருக்கே மீன் சாறு அனுப்பியவர்களின் தைரியத்தை மெச்ச வேண்டும். அரெஸ்ஸோ அருங்காட்சியகத்தில் முழுசாக இருந்த ஒரு கிண்ணத்தைப் பார்த்துத் தம்பி சொன்னான்: "நல்லதெல்லாம் இவங்களே வச்சுக்கிட்டு, உடைஞ்சதை நமக்கு அனுப்பியிருக்காங்கண்ணே."

ரோமில்தான் உங்களுக்குச் சரியான ஜோடி ஒருத்தரைக் கண்டுபிடித்தேன். பெயர் பிளினி, பழைய காலத்து ரோமானியர். வருஷம் தவறாமல் 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிவிடுகிறது, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்குப் போகிறது என்று புலம்பி எழுதியவர். மிளகைப் பற்றி அவருக்குத் தனி எரிச்சல்: வெறும் காரத்துக்காகவா இதற்கு இவ்வளவு மோகம் என்று கேட்கிறார். அவர் கேட்டு யார் நிறுத்தினார்கள்? கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே மிளகுக்கென்று அரசாங்கக் கிடங்கு கட்டினார்கள். இன்றைக்கும் ரோமில் பேர்போன சாப்பாடு, பாஸ்தாவில் ஆட்டுப்பால் சீஸும் மிளகும் போட்டுப் புரட்டித் தருவதுதான். நம் பக்கத்து மிளகை நமக்கே பரிமாறி, பில்லின் அடியில், உட்கார்ந்ததற்கு என்று ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். "கதிரையில இருந்ததுக்கும் காசோ?" என்றான் யாழ்ப்பாணத்தான். காபியும் அப்படித்தான். நின்று குடித்தால் ஒரு விலை, மேஜைக்கு வந்தால் வேறு விலை. அதனால் ரோம் முழுக்க நின்றே பார்த்தோம்.

எனக்குக் கணக்கு அங்கேதான் விளங்கியது. பிளினி எழுதிவைத்த பாக்கியை இவர்கள் இன்னும் மறக்கவில்லை. வரி, கட்டணம், நாற்காலி, கழிவறை என்று சில்லறை சில்லறையாக நம்மிடமே வசூலித்துக்கொண்டிருக்கிறார்கள். பாந்தியன் என்ற பழைய கோயில் ரொம்ப நாளாக இலவசமாக இருந்தது. 2023-ல் அதற்கும் 5 யூரோ வைத்துவிட்டார்கள். திரெவி நீரூற்றில் முதுகைக் காட்டி நின்று காசை எறிந்தால் மறுபடி ரோமுக்கு வருவோமாம். "நாங்கள் வாறது இருக்கட்டும், காசு திரும்பி வராதோ?" என்று கேட்டான் யாழ்ப்பாணத்தான். அந்தக் காசை அள்ளி ஏழைகளுக்குச் செலவழிக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் எறிந்தான்.

வரவும் சொல்ல வேண்டும் அல்லவா? தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் ஜில்லென்று நல்ல தண்ணீர், இலவசம். இன்னொன்று, உங்கள் தீபாவளிக் கைலி. ஒரு பெரிய தேவாலய வாசலில், முழங்கால் தெரிகிறது என்று காரைக்கால்காரனை நிறுத்திவிட்டார்கள். வெளியே துண்டு விற்பவர் 10 யூரோ என்றார். நான் பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட கைலியை உருவி அவன் இடுப்பில் சுற்றினேன். காவலர் மேலும் கீழும் பார்த்தார். கைலி கூடாது என்று பலகையில் எழுதவில்லை. உள்ளே விட்டுவிட்டார். பத்து யூரோ மிச்சம். இரண்டு அமெரிக்கப் பாட்டிகள் அவனோடு படம் எடுத்துக்கொண்டது தனி.

கடைசியாக நேப்பிள்ஸ். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-ஆம் வருஷம் வெடித்துப் பொம்பெயி நகரத்தை மூடியது. அந்தச் சாம்பலுக்கு அடியிலிருந்து 1938-ல் ஒரு தந்தச் சிலை எடுத்தார்கள், ஒரு ஜாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. நம் நாட்டுப் பெண். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். யட்சி என்பவர்களும் உண்டு. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் 'ரகசிய அறை' என்று ஒன்றில் நிற்கிறாள். அந்த அறையில் மற்றபடி என்னென்ன இருக்கிறது என்று அத்தை கேட்டால், பானை சட்டி என்று சொல்லிவிடுங்கள்.

பிளினி செத்ததும் அதே எரிமலையில்தான் மாமா. இந்தியாவுக்குப் போன காசை எண்ணியவர் போய்விட்டார். அந்தக் காசுக்கு வந்து சேர்ந்தவள் கால் நகராமல் நிற்கிறாள்.

அந்த ஊர்க் காபிக்கடையில், எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் இரண்டு காபிக்குக் காசு கொடுத்து ஒன்றைத்தான் குடித்தார். இன்னொன்று, காசில்லாமல் வருகிற யாருக்கோ. நேப்பிள்ஸில் அது பழைய வழக்கமாம். "அதை நான் குடிக்கட்டுமாண்ணே?" என்றான் தம்பி. முறைத்தோம். அப்புறம் என்ன நினைத்தானோ, ஊரிலேயே கையை இறுக்கி வைத்திருக்கிற அந்தப் பயல் இரண்டுக்குக் காசு வைத்து ஒன்றைக் குடித்தான்.

விடுதியில் பழகிய நேப்பிள்ஸ் பையன் ஒருவன் தை மாதம் முதுகுப் பையோடு நம்மூருக்கு வருகிறான். நம் வீட்டு மாடியில் படுக்கட்டும். ராத்திரிக்கு இவ்வளவு என்று வரி போட்டுவிடுங்கள். அரிக்கமேட்டுக்கு நீங்களே கூட்டிப்போங்கள். அங்கே டிக்கெட் கொடுக்க ஆளே கிடையாது என்பதைச் சொல்ல வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தால் தனி ரேட். காபிக்கு மட்டும் காசு வாங்காதீர்கள், அந்த ஊரோடு அந்தக் கணக்கு நேராகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: இவ்வளவு எழுதியும் மொத்தம் எவ்வளவு என்று எழுதவில்லை என்பதைக் கண்டுபிடித்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தை அம்மாவும் படிப்பாள்.